மூன்று கிலோமீட்டரில் உன் வீடு

என் செல்ல நாத்தனார் மாலதிக்கு,

ஐப்பசி வந்து போய்விட்டது, உன் கார் வரவில்லை. நீ ஆவணியிலேயே எங்களை விட்டுப் போய்விட்டாய் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒன்றாம் தேதி காலையில் பால்கனியில் போய் நின்றேன். பைத்தியக்காரி என்று சிரித்துக்கொள்.

நம் ஏற்பாடு எவ்வளவு சுகமாக இருந்தது! சித்திரை முதல் புரட்டாசி வரை உன் அம்மா ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களோடு, ஐப்பசி முதல் பங்குனி வரை கோட்டூர்புரத்தில் உன்னோடு. "மூணே கிலோமீட்டர் மன்னி, கூப்பிட்டா ஓடி வந்துடுவேன்" என்பாய். உன் முறை வந்துவிட்டால் ஆறு மாதமும் நான் விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவேன். இப்போது பன்னிரண்டு மாதமும் என் முறை. உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வருகிறது. போய்ச் சேர்ந்தவளிடம் கோபித்துக்கொள்ளலாமா? இதை யாரிடம் கேட்பது?

அம்மாவைத் தனியே விட முடிவதில்லை. கேஸைத் திறந்துவிட்டு மறந்துவிடுகிறாள். நீ போனதை இரண்டு தடவை சொன்னோம். இரண்டு தடவையும் புதிதாகக் கேட்டாள், புதிதாக அழுதாள். மூன்றாம் தடவை "மாலதி எப்ப வருவா?" என்றபோது "வருவாம்மா" என்றுவிட்டேன். அன்றே புடவைகளை மடித்து வைத்தாள். அதிலிருந்து அவள் பெட்டி ஹாலில் வாசல் கதவோரம் நிற்கிறது.

இதற்கு நடுவில் எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. தினமும் அரை மணி நடக்கச் சொன்னார் டாக்டர். உன் அண்ணா ஒரு வழி கண்டுபிடித்தார். "ஆத்துலயே மிதிக்கற சைக்கிள் ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம். நீ வெளியிலயே போக வேண்டாம்." என்னவோ வரம் கொடுப்பது போலச் சொன்னார்.

ஆன்லைனில் வேண்டாம், உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள, நான் தி. நகர் போனேன். முதல் வாரம் பார்த்தது, கைப்பிடியும் சேர்ந்து ஆடுகிற வகை. முன்னால் பெரிய விசிறி. மிக்ஸி ஓடுவது போலச் சத்தம், அம்மா எழுந்துவிடுவாள் என்றேன். அடுத்த வாரம், சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டி மிதிக்கிற வகை. முழங்காலுக்கு அவ்வளவு இதம், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கட்டில் நீளம், ஹாலில் அடங்காது என்றேன். மூன்றாவது, காந்தத்தில் ஓடும் சாதாரண வகை. சத்தமே இல்லை, கொஞ்சம் இடம் போதும், திருகினால் இறுக்கம் கூடும், குறையும். சீட் குறுகல் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குறை ஒன்றும் இல்லை, மாலதி. வாங்கிவிட்டால் அடுத்த ஞாயிறு நான் எங்கே போவேன்? கடையை விட்டு வந்ததும் பாண்டி பஜாரில் ஒரு காபி, பிறகு கூட்டத்தோடு கூட்டமாக அரை மணி நடை. அதற்காகத்தான் இத்தனை ஆராய்ச்சியும்.

நாலாவது வாரம் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மேடம், நாலு வாரமா வர்றீங்க. இன்னாதான் மேடம் குறை? சொல்லுங்க, கம்பெனிக்காரன்கிட்டயே கேட்டுடறேன்." வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் உன் அண்ணா, "ஒரு சைக்கிளுக்கு எத்தனை ஞாயித்துக்கிழமைடி?" என்றார். மறுநாளே போனில் அந்த மூன்றாவதை அகலமான சீட்டோடு வரவழைத்துவிட்டார்.

எங்கே போடுவது? சுவாமி அலமாரிக்கு நேரே கால் சுழலக் கூடாது என்றாள் அம்மா. அவள் கட்டிலும் என் கண்ணில் பட வேண்டும். மிச்சம் இருந்தது பெட்டி நிற்கிற இடம்தான். அதை நகர்த்தப் போனேன். "தொடாதே! மாலதி வந்தா தேடுவா" என்று பிடித்துக்கொண்டாள். அதனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மிதிக்கும்போது என் கால் பெட்டியில் இடிக்கிறது. எதிரே சாத்திய கதவு. அரை மணி மிதித்தாலும் கதவு அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் மிதித்துக்கொண்டே அழுதேன்.

நேற்றுக் காலை அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மிதிச்சிண்டே இருக்கியே, எவ்வளவு தூரம் வந்திருக்கே?"

சின்னத் திரையைப் பார்த்தேன். "நாலு கிலோமீட்டர்மா."

"நாலா? மாலதி ஆத்துக்கு மூணுதானே? தாண்டி வந்துட்டியேடி! உள்ள போய் அவளைப் பாக்கலையா?"

என் கால் நின்றுவிட்டது. "போனேம்மா. அவ ஆத்துல இல்லை."

"எங்க சுத்தப் போயிட்டாளோ! நாளைக்கு மறுபடியும் போ. பெட்டி ரெடியா இருக்கு, எப்ப வேணா வந்து அழைச்சிண்டு போகலாம்னு நான் சொன்னேன்னு சொல்லு."

சொல்லிவிட்டேன், மாலதி. பெட்டி ரெடியாக இருக்கிறது.

ஆனால் நீ வந்துவிடாதே. நான் அடைபட்டுத்தான் கிடக்கிறேன், மூச்சு முட்டுகிறது, பொய் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அவளை அழைத்துக்கொண்டு போக மட்டும் வந்துவிடாதே. பன்னிரண்டு மாதமும் நானே வைத்துக்கொள்கிறேன். இனி தினமும் மூன்று வந்ததும் நிறுத்திவிடுவேன், உன் வாசலைத் தாண்ட மாட்டேன். இது சத்தியம்.

உன் முறையையும் சேர்த்துப் பார்க்கும்,
உன் மன்னி