அளக்க வருகிற நாள்

தொம்மலூர்,
9.9.1997

என் தங்கம் சங்கமித்ராவுக்கு அம்மா எழுதுவது. நீ நோய்நொடி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நான் இங்கே நலம் என்று வழக்கம்போல எழுதப் போனேன், பேனா ஓடவில்லை. இன்னும் மூன்று வருஷம் ஸ்பெயினிலேயே வேலை தருகிறார்கள், இருக்கட்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். "இரு கண்ணு, எனக்கென்ன குறை" என்று பூத் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அக்டோபர் பத்துக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமாமே, அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர்ந்தால் போதும்.

நீ அனுப்பிய கட்டுரையை மேல்வீட்டு மௌரீன் டீச்சரிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். "உங்க பொண்ணு செம்மறியாட்டுப் பாலுக்குக் கணக்குப் போடுது ஆன்ட்டி" என்றாள். அடிப்பாவி, இதற்கா கடல் தாண்டிப் போனாய், இங்கே ஆட்டிடம் கறி தவிர யார் எதைக் கேட்டார்கள் என்று சிரித்துவிட்டேன். அப்புறம் நிதானமாக விளக்கினாள். மாதத்துக்கு ஒரு நாள்தான் ஆள் வந்து பாலை அளப்பானாம், மற்ற நாளெல்லாம் எவ்வளவு கறந்திருக்கும் என்று நீ சூத்திரம் வைத்துக் கோடு போட்டுச் சொல்வாயாம். உங்கப்பா உயிரோடு இருந்திருந்தால் தான் வேலை பார்த்த பீன்யா கம்பெனி முழுக்கச் சொல்லி என் மானத்தை வாங்கியிருப்பார். அதில் ஒரு மேய்ப்பரைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அளக்க ஆள் வருகிறான் என்றால் முந்தின சாயங்காலம் கறக்காமல் மடியிலேயே விட்டுவைப்பாராம், மறுநாள் ஜாடி நிறையுமாம், அந்த அளவை நம்பியதால் அந்த மாதக் கோடே பொய்யாகிவிட்டதாம். மௌரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

நானும் அதைத்தானே செய்கிறேன். முதல் ஞாயிறு தனக்கோடி பூத்துக்கு நீ போன் செய்கிறாய் என்றால் சனிக்கிழமையே மத்தியானம் நன்றாகத் தூங்கிவிடுவேன். காலையில் உப்புப் போட்ட வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போவேன். போனில் புடவை தெரியாது என்று எனக்குத் தெரியாதா, ஆனாலும் கட்டினால்தான் குரல் தெளிவாக வருகிறது. மாதம் முழுக்கச் சேர்த்துவைத்த சிரிப்பைப் பத்து நிமிஷத்தில் கொட்டிவிட்டு வருவேன். நீயும் அம்மா ஜோராக இருக்கிறாள் என்று கோடு போட்டுக்கொள்கிறாய்.

அளக்காத நாளைச் சொல்கிறேன், கேள். ஆகஸ்டில் மௌரீன் கே.ஜி.எஃப். போயிருந்தபோது நாலு நாள் விடாத மழை. ஒரு மனுஷரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள் காய்கறி வண்டிக்காரர் என்ன வேண்டும் என்றார், எனக்குக் குரலே எழும்பவில்லை. ஒருத்திக்கு என்ன சமையல் என்று பாதி நாள் பன்னும் டீயும்தான். குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, பயப்படாதே. எழுந்திருக்கத்தான் அரை மணி நேரம் ஆயிற்று. யார் வரப்போகிறார்கள் என்று யாரையும் கூப்பிடவில்லை.

எனக்கு நீ வேண்டும் சங்கமித்ரா. வந்துவிடு என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன். நீ இருக்கத்தான் முடிவு செய்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் நான் நன்றாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இருக்காதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு பட்டிக்குப் போ, தலைக்கு எண்ணெய் வை. எங்கே இருந்தாலும் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே. அக்டோபர் ஐந்தாம் தேதி நீ போன் செய்யும்போது பூத்தில் நாலு பேர் நிற்பார்கள், நான் மறுபடியும் சிரிக்கத்தான் செய்வேன். அதை நம்பாதே.

உன் அம்மா,
லட்சுமம்மா