உன் தம்பி எடுத்த லீவு

அன்பு மகள் நிஷாவுக்கு, பருத்திப்பட்டிலிருந்து உன் நைனா எழுதுவது. மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளை மோகனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நலம், அதனால்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், தெரு முழுக்கக் கேட்கிறது.

விஷயம் உன் தம்பி உதயகுமார்தான். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் யுவராணியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊட்டி, ஏற்காடு என்று ஓடிவிடுகிறவன், இந்த வருஷம் "எங்கியும் போவல நைனா, லீவு போட்டுக்கினு நம்ம ஊட்லயே எல்லாரும் ஜாலியா இருக்கப் போறோம்" என்கிறான். அதற்கு ஸ்டேகேஷன் என்று பெயராம். தன் கல்யாணத்துக்கே நாலு நாளுக்கு மேல் லீவு கேட்க யோசித்தவன் அவன். அம்பத்தூர் எஸ்டேட் ஃபேக்டரியில் என் சர்வீஸ் முழுக்க செக்கிங்கில் போனது உனக்குத் தெரியும், பளபளவென்று வருகிற பீஸைத்தான் நான் முதலில் திருப்பிப் பார்ப்பேன்.

ராத்திரி ஆனால் ஹாலில் எல்லோருக்கும் வரிசையாகப் பாய் போட்டுப் படம் பார்க்கிறோம். காலையில் ஏரிக்கரையில் நடை, வெள்ளிக்கிழமை திருவேற்காடு கோயில், கூட்டம் என்றால் எரிந்து விழுகிறவன் வரிசையில் நின்று அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறான். உன் அம்மா சரசாவுக்குக் கால் தரையில் இல்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஜாலியாக இருக்க லீவு போட்டவன் எதற்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு பாத்ரூமில் கைப்பிடி வைக்கிறான்? தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கிற மாதிரி எதற்குச் செய்கிறான்? எதிர் வீட்டு நடேசனிடம் நம் வீட்டுச் சாவி ஒன்று எதற்கு? பேரன் அபிஷேக் டீச்சராம், நாங்கள் பிள்ளைகளாம், போனில் கேஸ் புக் பண்ணுவது, ஆட்டோ கூப்பிடுவது என்று தினம் ஒரு பாடம். விளையாட்டுதான், ஆனால் எனக்குத் தப்பு வந்தால் உதயாவின் முகம்தான் வாடுகிறது. இதையெல்லாம் இத்தனை நாள் அவன்தானே செய்துகொண்டிருந்தான்?

தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் யூனிபாரம் தைத்து வந்துவிட்டது, அபிஷேக்குக்கு இன்னும் அளவே எடுக்கவில்லை. யுவராணியிடம் கேட்டேன், "அப்பறமா பாத்துக்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள், அடுப்பில் ஒன்றுமே இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னோடு பேச அவன் இப்போதெல்லாம் மொட்டை மாடிக்கு ஏன் போகிறான்? அக்காளும் தம்பியும் எங்களுக்குத் தெரியாமல் பேச அப்படி என்ன இருக்கிறது? நீயும் இதில் கூட்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

நேற்று சாயங்காலம் ஏரிக்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் அம்மா வாய் நிறையச் சிரிப்போடு, "அடுத்த லீவுக்கும் எங்கியும் போ வாணாம்டா, இப்டியே ஒண்ணா இருந்துக்கலாம்" என்றாள். உதயா தன் சுண்டலை அப்படியே அவள் பொட்டலத்தில் கொட்டிவிட்டு எழுந்து தண்ணீர் ஓரமாகப் போய்விட்டான். யுவராணி பிள்ளையின் தலையைத் தடவ ஆரம்பித்துவிட்டாள். நான் சுண்டலைக் கீழே வைத்துவிட்டேன். அவனும் உன் பக்கம் வருகிறான், குடும்பத்தோடு வருகிறான், அதைச் சொல்ல வாய் வராமல்தான் எங்களை இப்படிக் குஷிப்படுத்திக்கொண்டிருக்கிறான். இல்லை என்றால் இல்லை என்று எழுது, பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டதற்கு நானே அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறேன். நான் தடுப்பேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். உன்னை அனுப்பியவன் அவனையும் அனுப்புவேன், பயமாக இருக்கிறது, அது வேறு விஷயம். உன் அம்மாவிடம் நான் இதுவரை மூச்சு விடவில்லை. அவள் அவன் வாயால்தான் கேட்க வேண்டும்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. கருமாரி துணையில் நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

ஞாபகமாக ஒன்று. குழம்பு தாளிக்கிற வெங்காய வடகம் காய்ந்து வர நல்ல கத்திரி வெயில் வேண்டும். நீ கிளம்பியது ஐப்பசி மழையில். பொண்ணை வடகம் இல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று உன் அம்மா இன்னமும் சொல்லிச் சொல்லி அழுகிறாள். அவன் போவதென்றால் போகட்டும். வெயில் இருக்கும்போதே அவளிடம் சொல்லிவிடச் சொல்.

உன் நைனா,
எத்திராஜ்