வட்டத்துக்குக் கீழே இருந்த வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. நானும் அம்மாவும் ஏதோ நல்லா இருக்கோம், அம்மாவோட முழங்கால் மட்டும் அப்படியேதான் இருக்கு. நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாம இருக்கணும். போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன்.

படி ஏற முடியாதவங்களுக்கு நம்ம குடியிருப்புல சாய்வுப் பாதை கட்டறாங்க, ஆனா ஒரு கட்டடத்துக்குத்தான்னு சொன்னேனே, எந்தக் கட்டடத்துக்குன்னு முடிவு பண்ண நீயும் ரெண்டு வட்டப்படம் போட்டு அனுப்பினியே, அதைக் கூட்டத்துல காட்ட அழகா இருக்கட்டும்னு பிரிண்ட் எடுத்து, கத்தரியால வட்டமா வெட்டி அட்டையில ஒட்டினேன். கீழ நீ எழுதியிருந்த வரி குப்பைக்குப் போச்சு. படி ஏற முடியாதவங்க நம்ம முன்கட்டடத்துல கால்வாசி, பின்கட்டடத்துல பத்துல ஒரு பங்கு. எந்தத் துண்டு பெருசுன்னு குழந்தைகூடச் சொல்லும்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் பேசினேன், என் பொண்ணு போட்டதாக்கும்னு வேற பெருமை. எல்லாரும் தலையாட்டி நம்ம வாசலுக்கே முடிவாச்சு.

மறுநாள் அதே அட்டையோட பின்கட்டடத்துக்கு உன் அத்தையைப் பார்க்கப் போனேன். இடுப்பு உடைஞ்சதுலேருந்து வாசல் படி இறங்காம வீட்டோட கிடக்கறா பாவம். அட்டையை வாங்கிப் பார்த்துட்டு, ஏன்டா தம்பி, இதுல நான் எங்கடா இருக்கேன்னு கேட்டா. அந்த மெல்லிசுத் துண்டைக் காட்டினேன். இவ்வளவு பெரிய கட்டடத்துல நாங்க இவ்வளவுதானான்னு அவ சிரிச்சதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. வீட்டுக்கு வந்து நீ அனுப்பினதை மறுபடி போன்ல எடுத்துப் பார்த்தேன். முன்கட்டடம் மொத்தம் எண்பது பேர், பின்கட்டடம் ஐநூறு பேர்னு தெளிவா எழுதியிருக்கே. எண்பதுல கால்வாசி இருபது, ஐநூறுல பத்துல ஒண்ணு ஐம்பது. அந்த ஐம்பது பேரை நான்தான் வீட்டுக்குள்ள உட்கார வெச்சேன், அதுல ஒருத்தி என் கூடப் பிறந்தவ. மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல கண்ணு, உன் பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை திரும்பக் கூட்டம் வெச்சிருக்கோம், எல்லார் முன்னாடியும் என் தப்புன்னு சொல்லப்போறேன். அந்த இருபதுல ஒருத்தி உங்கம்மா, அவகிட்ட சொல்லத்தான் ரொம்பக் கூசிச்சு. அவ முழங்காலைத் தடவிக்கிட்டே, சரி, அண்ணி முதல்ல வெளிய வரட்டும்னு சொன்னா. கத்தரியை மட்டும் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா.

உடம்பைப் பார்த்துக்கோ, ரெண்டு பேரும் நீண்ட ஆயுசோட இருங்க. ஒண்ணு மறக்காதே, ஞாயித்துக்கிழமைக்குள்ள படத்தை மறுபடி போட்டு அனுப்பு. இந்தத் தடவை வட்டம் வேண்டாம், ஆளுக்கு ஒரு புள்ளி வை. அத்தைக்கு அவ புள்ளியைக் காட்டணும்.

தலைகுனிஞ்சு உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா