எலும்புக்கூட்டுப் படைக்கு ஒரு பிரைமர்

ஜூன் 9, ஞாயிறு

இன்றும் மழை. பிரைமர் அடிக்கவில்லை.

யூடியூபில் ஒரு மகானுபாவர் சொல்கிறார், காற்றில் ஈரம் இல்லாத நாளாகப் பார்த்து ஸ்ப்ரே செய்ய வேண்டுமாம். திருவனந்தபுரத்தில். ஜூன் மாதத்தில். கரமனையில் எங்கள் வீட்டு உப்பு ஜாடி தண்ணீர் விட்டு நிற்கிறது. பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமத்துப்போகிறது. இவருக்கு ஈரமில்லாத நாள் வேண்டுமாம்.

நான் கேட்பது பெரிய விஷயமா? மேஜையில் ஆடும் போர் விளையாட்டுக்கு ஒரு பெட்டி பிளாஸ்டிக் எலும்புக்கூட்டு வீரர்கள். விரல் உயரம்கூட இல்லை. வண்ணம் பூசாத படையை ஜூலைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். பிரைமர் இல்லாமல் வண்ணம் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, நகம் பட்டால் உரிந்து வரும். எனவே முதலில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு. எந்தப் பிரைமர் என்பதுதான் தெரியவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

எங்கள் போர் விளையாட்டுக் கிளப்பின் வாட்ஸாப் குழுவில் எந்தப் பிரைமர் என்று கேட்டேன். கிளப்பை நடத்தும் ஷைஜு உடனே என்னைக் கூப்பிட்டார். எடுத்ததும், "ஸ்ரீனிக்கு ஃபோன் ஒண்ணு கொடுக்காமோ, சேச்சி?"

கேள்வி கேட்டது நான். கிளப்பில் முதலில் சேர்ந்தது நான். என் கணவர் ஸ்ரீநிவாஸ் என்னைக் காரில் கொண்டுவிட வந்து, காப்பி குடித்து, பகடை உருட்ட உட்கார்ந்தவர். ஆனாலும் அங்கே அது 'ஸ்ரீனியின் படை'. இவரும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறார். கேட்டால், "யார் பேர்ல இருந்தா என்ன மீரா?" என்கிறார்.

ஒன்றுமில்லை என்றால் என் பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஜூன் 15, சனி

கார் பெயிண்டு கடையில் சாம்பல் நிற பிரைமர் ஸ்ப்ரே டப்பா ஒன்றும் வெள்ளை ஒன்றும் வாங்கினேன். தீப்பிடிக்கும் என்று வெளிநாட்டு டப்பாவை எந்தக் கூரியர்காரனும் தொடமாட்டான். பொம்மையில் அடிக்கவில்லை. பொம்மைகளை வெட்டியெடுத்த பின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் அடித்துப் பார்த்தேன். வெள்ளை பல பூச்சு கேட்கிறது; அதற்குள் விலா எலும்பு இடுக்கெல்லாம் அடைத்துவிடும். சாம்பல் பரவாயில்லை. மொட்டை மாடியில், மழைவிட்ட வெயிலில், ஒரு சாண் தள்ளி அடித்தது வழவழவென்று வந்தது. சாயங்காலம் தூறலுக்குப் பின் அடித்தது ரவை ஒட்டினாற்போல் சொரசொரத்தது. ஆக, டப்பா மேல் குற்றமில்லை. வேளை பார்க்க வேண்டும்.

காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியார் பார்த்துவிட்டார். "இந்தப் பொம்மைக்கு முகூர்த்தம் வேற பாக்கறியாடி?"

ஸ்ரீநிவாஸிடம் தெளிவாகச் சொன்னேன்: நல்ல வெயில், மாடி, இரண்டும் வாய்த்தால்தான். வாய்க்காவிட்டால் தூரிகையால் பூசும் பிரைமர். அதுவரை தொட வேண்டாம்.

ஜூன் 19, புதன்

தொட்டார்.

நாளை மாமனாரின் ஸ்ராத்தம் என்று இன்று லீவு. எனக்கு உதவி செய்கிறாராம். மழை என்பதால் ஹாலில் ஸ்ப்ரே அடித்திருக்கிறார். சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனைப் போட்டுக்கொண்டு. ஃபேனை! கூரையடியில் மூங்கில் கொடியில் மாமியாரின் மடிப்புடவை காய்ந்துகொண்டிருந்தது. நாளைக்குக் கட்ட வேண்டியது, நாங்கள் யாரும் விரல்கூட வைக்கக் கூடாதது. அதன்மேல் பூராவும் சாம்பல் தூள்.

நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மாமியார் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி மீரா, நாளைக்கு ஸ்ராத்தம். மடிப் பொடவைல என்னடி இது? அதுவும் எலும்புக்கூட்டை வச்சிண்டு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது மீராவோட பொம்மைம்மா" என்றார்.

நன்றாக இருக்கிறது நியாயம். கிளப்பில் படம் எடுத்தால் ஸ்ரீனியின் படை. புடவை பாழானால் மீராவின் பொம்மை. எனக்கு வாயே வரவில்லை. ஏன் வரவில்லை? வராமல் நின்றேனே, அதுதான் இன்னும் எரிகிறது.

வீரர்கள் அத்தனை பேர் மேலும் ரவை.

ஜூன் 20, வியாழன்

மாமியார் புடவையை மறுபடி நனைத்து, பிழிந்து, ஈரத்தோடேயே கட்டிக்கொண்டு சமைத்தார். இரண்டு முறை தும்மினார். அடித்தது தான்தான் என்று இவர் அப்போதும் சொல்லவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

சொரசொரத்த பூச்சை எடுக்க, மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கி வீரர்களை ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு எலும்பாகத் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. "நானும் தேய்க்கட்டுமா?" என்றார் இவர். வேண்டாம் என்றேன்.

இனி தூரிகைதான். அதெல்லாம் குழந்தைகளுக்கு, ஸ்ப்ரேதான் ப்ரொஃபஷனல் என்று ஷைஜு குழுவில் எழுதியிருக்கிறார். எழுதட்டும். மெல்லியதாக ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்ததும் இன்னொன்று. மழை பெய்தால் பெய்யட்டும்.

ஜூன் 30, ஞாயிறு

இரண்டு பூச்சுக்குப் பிறகும் விலா எலும்புகளை எண்ணலாம். அவ்வளவு துல்லியம்.

ஜூலை 21, ஞாயிறு

சாஸ்தமங்கலத்தில் போட்டி. ஆட்டத்தில் தோற்றோம், அது கிடக்கட்டும். ஷைஜு என் எலும்புக்கூட்டுத் தளபதியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தா ஃபினிஷ். ஏதா ப்ரைமர், ஸ்ரீனி?"

இவர் என்னைப் பார்த்தார். எடுத்துக்கொடுப்பேன் என்று நினைத்திருப்பார். நான் பகடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எனிக்கறியில்ல, ஷைஜு. ஞான் அடிச்சதெல்லாம் நாசமாயி. இது மீராவோட படையாணு. அவளோடு சோதிக்கு."

'அவளைக் கேள்' என்று இவர் சொன்னதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு வந்தது கோபம்தான். இந்த நாலு வார்த்தைக்கா ஒரு மாதம்? காரில் சொன்னேன்: "அங்கே சொன்னது சரி. ஆத்துல அம்மாகிட்டயும் ஒண்ணு சொல்லப் பாக்கி இருக்கு."

இவர் கியரை மட்டும் மாற்றினார்.

ஜூலை 24, புதன்

சாப்பாடு முடிந்ததும் இவருடைய ஃபோன் அடித்தது. ஷைஜு. கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். "உனக்குத்தான்."

மழைக்கு எந்தப் பிரைமர், எத்தனை பூச்சு என்று ஷைஜு வரிசையாகக் கேட்டார். சொல்லிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் இவர் குரல்.

"அம்மா, அன்னிக்கு ஹால்ல அதை அடிச்சது நான்தான். மீரா இல்லை."

"தெரியும்டா. நூலைப் பிடிச்சு முகூர்த்தம் பாத்தவ, ஃபேனைப் போட்டுண்டு அடிப்பாளா?"

தெரியுமாமே. தெரிந்துமா அன்றைக்கு என்னை அப்படி நிற்கவைத்துக் கேட்டார்?

அதற்குத் தனியாகக் கோபப்பட வேண்டும். இன்று முடியவில்லை. ஷைஜு, "சேச்சி, லைன்ல உண்டோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பூச்சைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.