சுண்ணாம்படித்த லோங்காங்

அக்கா,

இன்று காலை கோயில் சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் முகம்தான் முன்னால் வந்து நின்றது, அதுவும் முறைத்த முகம். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். நான் படித்தது தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைக்கும்தான். பிழை இருந்தால் அது வாத்தியார் குற்றம்.

நியாலாஸ் ரப்பர் தோட்டத்தை விட்டு நாமெல்லாம் டவுன் ஓரத்துத் தாமான் குடியிருப்புக்கு வந்த புதிது. முனையில் தகரக் கூரை போட்டு நீங்கள் தோசைக்கடை வைத்தீர்கள். மலாக்காவிலிருந்தெல்லாம் காரில் வந்து வரிசையில் நின்றார்கள் என்று நான் சொல்வேன். ஜாசின் பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலு பேர் என்று நீங்கள் சொல்வீர்கள். எப்படியோ, அந்தக் கடைதான் உங்களுக்குச் சோறு. உங்கள் வீட்டுக்கார அண்ணன் போனபிறகு பிள்ளைகளைக் கரையேற்றியதும் அதுதான்.

அந்தக் கடைக்குத்தான் நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகச் சாக்கடை, அதுதான் லோங்காங், இல்லை; மண் பள்ளத்தில் தேங்கி மழைக்கு வீட்டு வாசல்வரை வருகிறது. கழகம் சிமெண்டு லோங்காங் கட்டிக்கொடுத்தால் கடைக்கு லைசென்ஸ், இல்லையென்றால் கடையை எடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை ஓர் அதிகாரி வந்து பார்த்து எழுதிக்கொடுப்பார், வியாழக்கிழமை கூட்டத்தில் முடிவு.

கிளேபாங்கில் உங்கள் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்த நேரம். போவதா வேண்டாமா என்று கடை வாசலில் பையோடு நின்றீர்கள். "போய்ட்டு வாங்கக்கா, அதிகாரிய நான் பாத்துக்கிறேன். எத்தன தொரைய பாத்தவன் நானு" என்று அனுப்பிவைத்தேன்.

பார்த்துக்கொண்டேன் அக்கா, நன்றாகவே பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமையே தாமானைத் திரட்டினேன். ஐந்நூறு பேர் இருக்கும். சரி, முப்பது பேர். தோட்டத்தில் துரை வருகிறார் என்றால் என்ன செய்வோம்? லயத்து வீடுகளைக் கழுவி, புல்லைச் செதுக்கி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அதையேதான் செய்தோம். நாற்றப் பள்ளத்தில் ஒரு லோரி மணல் கொட்டி, மேலே பலகை போட்டு, இரண்டு பக்கமும் கல் பதித்து வெள்ளை அடித்தோம். கடைக்கு மாவிலைத் தோரணம் கட்டினோம். திங்கட்கிழமை வந்த அதிகாரிக்குச் சந்தன மாலை. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பெர்சே, பெர்சே" என்று சுத்தத்தைப் பாராட்டி, ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினீர்கள். ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"பள்ளம் எங்கடா தம்பி?"

"மூடிட்டோங்க்கா. தெரியவே தெரியாது."

பலகைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு சொன்னீர்கள், "டாக்டர வரச் சொல்லிட்டு, புண்ணுக்குப் பவுடர் போட்டு வச்சிருக்கியே தம்பி." அப்போதுதான் எனக்கு வியர்த்தது. எல்லாம் சுத்தமாக இருக்கிறது, லோங்காங் தேவையில்லை என்றுதானே அந்த மனுசன் எழுதியிருப்பார். லோங்காங் இல்லாமல் லைசென்ஸ் ஏது? உங்கள் கடைக்கு நானே மண் அள்ளிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை இரண்டு பேரும் கழக ஆபீசுக்குப் போனோம். நான் மலாயில் ஒரு மணி நேரம் உரையாற்றினேன். ஐந்து நிமிடம் என்பீர்கள், இருக்கட்டும். அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நீங்கள் என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, பாசார்ச் சந்தையில் பழகிய மலாயில் சொன்னீர்கள். "நேத்து பாத்தது பொய். இன்னிக்கு வாங்க."

"யார் பொய் சொன்னது?" என்றார் அவர்.

"இந்தத் தம்பிதான். கெட்டவன் இல்ல என்சிக். பெரியவங்க வந்தா பெருக்கி மூடி வைக்கிறது எங்க தோட்டத்துப் பழக்கம்."

அவர் சிரித்துவிட்டார். விருந்தாளி வந்தால் தன் அம்மாவும் கிழிந்த பாயை ஒளித்துவைப்பார் என்றார். அப்படியே எழுந்து கார் சாவியை எடுத்தார்.

கடை வாசலில் அவர் முன்னாலேயே நான் மண்வெட்டி பிடித்தேன், ஆபீசுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடு. நான் போட்ட மணலை நானே அள்ளினேன். பாதியிலேயே நாற்றம் கிளம்பி அதிகாரி மூக்கைப் பொத்தினார். "பொத்தாதீங்க, அதத்தான் எழுதணும்" என்றீர்கள். பிறகு காலைப் பாத்திரங்களைக் கழுவி, அண்டாத் தண்ணீரைப் பள்ளத்தில் சாய்த்தீர்கள். அது நிரம்பி வழிந்து, நேரே எதிர்வீட்டு வாசல் செருப்புகளை மிதக்கவைத்தது. அவர் முந்தின நாள் தாளைக் கிழித்துவிட்டு, டேப்பைப் பிடித்து அளந்தார். ஒரு முனையைப் பிடித்தது நான்தான்.

வியாழக்கிழமை கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தீர்கள். "கடை போச்சுன்னா மறுபடி பால்வெட்டப் போவேன், வேற என்ன" என்று நீங்கள் சொன்னபோது என்னால் உங்கள் பக்கம் திரும்ப முடியவில்லை. கதவு திறந்தது. அதிகாரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சிமெண்டு லோங்காங், தாமானுக்கு நாலு தெருவிளக்கு, வேலை முடிந்ததும் லைசென்ஸ். நான் போட்ட சத்தம் மலாக்காக் கடற்கரைவரை கேட்டது. நீங்கள் மட்டும் சத்தமில்லாமல் அழுதீர்கள்.

லோங்காங் கட்டி முடித்த அன்று தேரோட்டம் பார்ப்பதுபோல் தாமானே இரண்டு பக்கமும் நின்றது. நீங்கள் முதல் அண்டாவைச் சாய்த்தீர்கள். எச்சில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓட, கிழவர்களெல்லாம் கூடவே நடந்தார்கள். கைதட்டினோம் அக்கா. முருகன் படத்துக்குப் பக்கத்தில் லைசென்ஸை மாட்டி, அதற்கும் பூ வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் கடையில் உட்கார்ந்து அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். நான் ஒற்றை ஆளாகப் பேசி வாங்கிய லோங்காங். ஒவ்வொரு தடவையும் அந்த அதிகாரிக்கு ஒரு பதவி உயர்வு கொடுப்பேன். நீங்கள் தோசையைத் திருப்பியபடி, "இன்னும் ஒரு படி ஏத்துடா தம்பி, மந்திரியாக்கிடு" என்பீர்கள். ஆனால் மணல் கொட்டி மூடச் சொன்னது யார் என்று ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. தாமான்காரர்களையும் பேசவிட்டதில்லை. கடைசிவரை என் கதையில் கைவைக்கவே இல்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வெளியூர் சனமெல்லாம் வந்திருந்தது. அங்கே எழுந்து நின்று நானே சொல்லிவிட்டேன், மாலை, தோரணம், மணல், வெள்ளைக்கல் எல்லாவற்றையும். சிரித்துச் சிரித்து உங்கள் மகளுக்குக் கண்ணில் தண்ணீர். இப்போது யாருக்குச் சொன்னாலும் அப்படித்தான் சொல்கிறேன். அதில் லோங்காங் வாங்கியது நீங்கள், நான் மண்வெட்டி பிடித்தவன்.

ஆனால் ஒரு லோரி மணலை அரை மணி நேரத்தில் அள்ளினேன் அக்கா. அதில் மட்டும் ஒரு நிமிடம்கூடக் கூட்டமாட்டேன்.