ஐந்தாம் நம்பர் கேட்கவில்லை

2025 மே 4, ஞாயிறு

முதலில் மன்னிப்பு. இந்தக் கொப்பியில் என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் போகிறது. கோடு போட்ட கொப்பிதான், ஆனாலும் என் வரி இடது மேலே தொடங்கி வலது கீழே இறங்கிவிடுகிறது. முப்பத்தெட்டு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை இது. மரத்தில் கத்தியை அப்படித்தான் இழுக்க வேண்டும். அப்போதுதான் பால் வழிந்து சிரட்டைக்கு வரும். கொப்பி வேறு, மரம் வேறு என்று கைக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனாலும் சந்தோசம். எழுபது வயதில் என் பெயரை நானே எழுதுகிறேன். செல்லையா. இன்னொரு தடவை: செல்லையா. நன்றாக இருக்கிறது.

வாரம் ஒரு தடவையாவது எழுதச் சொன்னவர் றஸ்மியா மிஸ். ருவான்வெல்லையிலிருந்து செவ்வாயும் வியாழனும் பஸ்ஸில் வருகிறார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன தோட்டத்தின் பழைய பிள்ளைக்காம்பராவைக் கம்ப்யூட்டர் நிலையமாக மாற்றியவர் அவர்தான். காலையில் எங்களைப் போன்ற கிழங்களுக்கு எழுத்து வகுப்பு. பின்நேரம் பிள்ளைகள் வருவார்கள்.

சாவி என்னிடம். ஐந்து கம்ப்யூட்டர். கீழே மூன்று, மேலே வாசிகசாலை அறையில் இரண்டு. நடுவில் வெளிச்சுவரோடு இருபத்திரண்டு படி. சும்மா இருக்கும் நேரத்தில் இவை வெளிநாட்டில் மருந்து தேடுகிறவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கின்றன. கூலி இல்லை. "கம்ப்யூட்டர் செய்ற சிரமதானம் ஐயா" என்று மிஸ் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. காலை ஏழு மணிக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சிரமதானத்தைத் தொடக்கிவிடுவேன். இரண்டு மணிக்குப் பிள்ளைகள் வருமுன் ஒவ்வொன்றாக நிறுத்துவேன். நிறுத்தாவிட்டால் பழைய பெட்டிகள் சூடேறிப் பிள்ளைகளின் வேலை நகராது. அப்போது மரம் மரமாகப் போனேன். இப்போது பெட்டி பெட்டியாகப் போகிறேன்.

மே 6, செவ்வாய்

மழை. ஐந்தும் ஓடுகின்றன.

செபஸ்ரியன் போன ஞாயிறு கோயிலில் பைபிள் வாசகம் வாசித்தானாம். தடுக்காமல் வாசித்தானாம். வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்.

மே 8, வியாழன்

மிஸ் ஆறாவதாக ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வாசல் மேசையில் வைத்தார். "இனி ஒவ்வொண்ணா ஓடித் திரியத் தேவையில்ல ஐயா. இந்தக் கதிரையில இருந்தே அஞ்சையும் தொடக்கலாம், நிப்பாட்டலாம்" என்றார்.

கதிரை எனக்கு என்று நினைத்துக்கொண்டேன். துடைத்தும் வைத்தேன்.

மிஸ் செபஸ்ரியனைக் கூப்பிட்டார். "இது உங்களுக்கு ஐயா. படி ஏறத் தேவையில்லாத வேலை."

"ஹரி மிஸ்" என்று சிங்களத்தில் சரி சொன்னான். பரம்பரைச் சொத்து கைக்கு வந்த மாதிரி.

"அப்ப நான் என்ன மிஸ் செய்யணும்?"

"நீங்க கதவத் தொறந்தாப் போதும் ஐயா."

கதவத் தொறந்தாப் போதும்.

இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தில் அவனுடைய இடது காலில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். தெரியும். கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவனே நான்தான். அதற்காக? பால் வெட்டிய காலத்திலும் அவனுடைய வரிசை என் வரிசைக்குப் பக்கம். நான் பதினொரு கிலோ கொண்டுவந்தால் அவன் பன்னிரண்டு. அன்றும் அவன், இன்றும் அவன். எப்பத்தான்டா என் முறை?

மே 10, சனி

என் மனைவி சுப்பம்மா கேட்டாள்: "அவரு கதிரையில ஒக்காந்தா ஒங்களுக்கு எங்க குத்துது?"

"எனக்கு எங்கயும் குத்தல."

"அப்ப ஏன் அரை மணி நேரமா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"

இவளுக்கும் எழுத்துப் படிக்க ஆசை இருக்கிறது. வேண்டாம். இவளும் என்னை முந்திவிடுவாள்.

மே 12, திங்கள்

புத்தரின் வெசாக் பண்டிகை. நிலையம் பூட்டு. ருவான்வெல்லைக்குப் போய் வெசாக் வெளிச்சக்கூடுகள் பார்த்தேன். ஒரு கடையின் பெயர்ப்பலகையை முழுதாக வாசித்துவிட்டேன்! சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. செபஸ்ரியன் இலவசச் சாப்பாடு கொடுக்கும் தானசாலையில் நின்றான். காணாத மாதிரி வந்துவிட்டேன்.

மே 15, வியாழன்

இதை எழுதலாமா என்று நெடுநேரம் இருந்தேன்.

வாசல் மேசையிலிருந்து தொடக்குவதற்காக மிஸ் இன்று எல்லாப் பெட்டியிலும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டார். அது மட்டும் போதாதாம். யார் சொன்னால் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எழுதி வைக்க வேண்டுமாம். அதில் இல்லாதவர் சொன்னால் கேட்காதாம். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எந்தக் கங்காணியின் கீழ் நிற்கிறோம் என்பது மாதிரி. வாசல் மேசைக் கம்ப்யூட்டரின் நம்பரை ஒரு துண்டில் எழுதித் தந்தார்: 192.168.1.20.

"நீங்களே அடிங்க ஐயா. இதுகளப் பத்தி ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

நான்கு பெட்டியில் சரியாக அடித்தேன். மேலே, ஐந்தாம் நம்பரில், கடைசி இருபதுக்குப் பதிலாக இருபத்தொன்பது. கை தவறியிருக்கும்.

இல்லை. தவறவில்லை. என் கொப்பியில் நானே பொய் எழுதினால் எழுதப் படித்தது எதற்கு? பூச்சியத்தை அடித்தேன். அதைப் பார்த்தேன். அழித்தேன். ஒன்பதை அடித்தேன்.

மிஸ்ஸுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கீழே மூன்றையும் சரி பார்த்தார். "மேல ரெண்டும் சரிதானே ஐயா?"

"சரி மிஸ்."

மே 16, வெள்ளி

செபஸ்ரியன் கதிரையில் இருந்து பட்டனை அமத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் கேட்டன. ஐந்து கேட்கவில்லை.

"நீ இரு, நான் போறேன்" என்று படி ஏறினேன். இருபத்திரண்டு படியும் இறகு மாதிரி இருந்தது. ஐந்தாம் நம்பர் என் கைக்குத்தான் ஓடியது. இரண்டு மணிக்கு நிறுத்தவும் நான்தான் போனேன். சந்தோசம். சந்தோசம்தான்.

மே 17, சனி

இன்றும் கேட்கவில்லை. செபஸ்ரியன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பாஸ்வேர்டை ஏழு தடவை அடித்தான். ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு.

"நாந்தான்டா தப்பா அடிக்கிறேன். இது படிக்கிற கண்ணு இல்ல."

"வயசாகுதுல்ல" என்றேன். இப்படிச் சொன்ன நான் அவனைவிட ஒரு வயது மூத்தவன்.

மே 18, ஞாயிறு

அவன் இன்று கோயிலில் வாசிக்க வேண்டிய முறை. வாசிக்கவில்லையாம். கண் சரியில்லை, இனி என்னைக் கூப்பிட வேண்டாம் என்று பாதரிடம் சொல்லிவிட்டானாம். சுப்பம்மா சொன்னாள். கதிரையையும் எனக்கே தரச் சொல்லி மிஸ்ஸிடம் கேட்கப் போகிறானாம்.

நான் கேட்டது இதுதானே? பிறகு ஏன் இந்தச் சோறு இறங்கவில்லை?

மே 19, திங்கள்

எனக்குக் கிளினிக். போகும்போது ஐந்தாம் நம்பரைத் தொடக்கிவிட்டு, ஒரு மணிக்குள் வந்து நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். கிளினிக்கில் சனம். வந்து சேர இரண்டரை.

வாசல் கதிரையில் அவன் இல்லை. படியடியில் அவனுடைய ஊன்றுகோல் கிடந்தது. தனியாக.

ஓடி ஏறினேன். மேலே ஐந்தாம் நம்பருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சாரத்தின் பின்பக்கம் முழுக்கப் பாசி. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து, கையால் உன்னி ஏறியிருக்கிறான். கால் கட்டு நனைந்திருந்தது. திரையில் அந்த நம்பர் எழுதிய இடம் திறந்திருந்தது. எப்படித் திறப்பது என்று மிஸ் இரண்டு பேருக்கும் காட்டியிருந்தார்.

"நீ தோட்டத்துல இருந்தா என்னைய ஏற விடமாட்டே. அதான் நீ போனப்பறம் ஏறுனேன்" என்றான். "இத வாசி."

வாசித்தேன். கடைசியில் இருபத்தொன்பது.

நான் வாசல் மேசையில் விட்டிருந்த மிஸ்ஸின் துண்டை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தான். "இப்ப இத வாசி."

"இருபது."

அவன் சொன்னான்: "முப்பது வருசம் ஒன் மரத்தப் பாத்திருக்கேன்டா. பட்டையத் தாண்டி ஒரு மரத்துலயும் கத்தி எறங்குனதில்ல. நாலு மரத்தச் சுத்தமா வெட்டிட்டு அஞ்சாவதுல மட்டும் காயம் போடுவியா? இது கை தவறுனது இல்ல."

நான் திருத்தக் கையைக் கொண்டுபோனேன். தட்டிவிட்டான்.

"தொடாத. நாளைக்கு மிஸ் வருவாங்க. அவங்களுக்கு முன்னாடி நீயே திருத்து. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எனக்குக் கண்ணு போச்சுன்னு நெனச்சேன்டா, பாவி. பாதர்கிட்டயும் சொல்லிட்டேன்."

இருபத்திரண்டு படியும் அவன் கை என் தோளில் இருந்தது. அவன் பாரம் அவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

மே 20, செவ்வாய்

மிஸ்ஸிடம் சொன்னேன். நின்றுகொண்டுதான் சொன்னேன். சாவியை மேசையில் வைத்தேன்.

மிஸ் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செபஸ்ரியன் ஐயாவோட கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அது அடித்ததைவிட வலித்தது.

"கட்டு மாத்தியாச்சு மிஸ். புதுசா காயம் இல்ல" என்றான் அவன்.

மிஸ் சாவியை என் பக்கம் தள்ளினார். "இனி நம்பர ஒருத்தர் வாசிக்கணும், ஒருத்தர் அடிக்கணும். அதான் ஒழுங்கு."

அப்படியே செய்தோம். நான் மேலே, அவன் படியடியில் நின்று கத்தினான். "ஒண்ணு! ஒம்பது! ரெண்டு!" தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். கடைசியில், "ரெண்டு! பூச்சியம்! பூச்சியம்டா, செல்லையா! ஒம்பது இல்ல!"

வகுப்புக் கிழங்கள் எல்லாம் சிரித்தார்கள். மிஸ்ஸும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கம். ஆனால் பூச்சியம் அடித்தேன்.

பெட்டியை ஒரு தடவை நிறுத்திப் போட்டேன். கீழே அவன் கதிரைக்குப் போய் உட்காரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம். பிறகு என் பக்கத்தில் ஐந்தாம் நம்பரின் காற்றாடி தானாகவே வேகமெடுத்தது. நான் தொடவில்லை.

மே 22, வியாழன்

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன். அவன் கதிரையில். ஐந்தும் அவன் சொல்லைக் கேட்டன. எனக்கு மேலே வேலை இல்லை. ஆனாலும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"எதுக்குடா ஏறுன?"

"சும்மா."

"ஓடுதா?"

"ஓடுது."

அவன் சிரித்தான். எனக்கு இன்னும் கொஞ்சம் குத்துகிறது. இல்லை என்று எழுதினால் பொய். சுப்பம்மாவிடம் வருகிற செவ்வாய் வகுப்புக்கு வரச் சொல்லிவிட்டேன். முந்தினால் முந்தட்டும்.

பாதரிடம் நானே போய்ப் பேசினேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு என்னில்தான் என்றேன். வருகிற ஞாயிறு செபஸ்ரியன் வாசிக்கிறான். நான் போய்க் கடைசி வாங்கில் உட்காரப் போகிறேன். எத்தனை இடத்தில் தடுக்கினான் என்று எண்ணிக்கொண்டு வந்து அடுத்த வாரம் இதில் எழுதுவேன். தடுக்காவிட்டால் அதையும் எழுதத்தான் வேண்டும்.