நல்ல கொழுப்புக்குப் போட்ட பொன்னாடை

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.
26.2.2008

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நான் நல்லா இருக்கேன், உன் தம்பி கலைச்செல்வன் நல்லா இருக்கான். உங்கப்பாவும் நல்லா இருக்காருன்னு எப்பவும் எழுதுற வரியை எழுத எனக்குக் கை வரலை, அதனால எழுதலை. நீ அந்தப் பிரான்சு குளிருல ஒடம்பைப் பாத்துக்கினு, வேளாவேளைக்குச் சாப்புட்டு, ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு மாரியாத்தாளை வேண்டிக்கினுதான் பேனாவை எடுத்தேன். ஆனா வேண்டுதல் வேற, கோவம் வேற. உம்மேல எனக்கு இருக்கிற கோவத்தை இந்தத் தாளு தாங்குமான்னு தெரியலை.

கலையோட செல்லுல உங்கிட்ட ரெண்டு வாட்டி பேசிட்டேன். ரெண்டு வாட்டியும் நீ, பொறுமையா சொல்லிக்கலாம்மா, அப்பாவை பயமுறுத்தாதேன்னு சொல்லி வெச்சிட்டே. போனுன்னா நீ வெச்சிடுவே, இல்லேன்னா நான் அழுதுடுவேன். வூட்டு போனுல பேசலாம்னா அது கூடத்துல உங்கப்பா தலைமாட்டுல இருக்கு. அதான் அவரு மீனுக்கு ஐஸு ஏத்துற வேலைக்குக் கெளம்பினதும் உக்காந்து எழுதுறேன். காயிதத்தை வெச்சிட முடியாது பாரு, படிச்சித்தான் ஆவணும்.

போன வருஷம் லீவுக்கு வந்தப்போ நான் பின்கட்டுல சங்கரா மீனு ஆய்ஞ்சிக்கினு இருந்தேன், நீ பக்கத்துல குந்திக்கினு உன் ஆராய்ச்சியைப் பத்தி சொன்னியே, ஞாபகம் இருக்கா. எட்டாவது படிச்சவளுக்கு இன்னா புரியப்போவுதுன்னு நெனைக்காம சொன்னே, அது எனக்குப் பெருமையா இருந்துச்சு. ரத்தக் கொழா சுவத்துல இருக்கிற செல்லுங்கள்ல கொழுப்பு மாட்டிக்கும், நல்ல கொழுப்புன்னு சொல்றாங்களே அது வந்து நின்னு அந்தக் கொழுப்பை வாங்கிக்கினு போயி ஈரல்ல சேக்கும், அதான் அதுக்கு வேலைன்னு சொன்னே. ஆனா சிகரெட்டு புகையோ, ரத்தத்துல சர்க்கரையோ ஏறிப்போச்சுன்னா அது மேல ரசாயனம் ஒட்டிக்கினு கெட்டுப்போயிடும், போதாததுக்கு நம்ம ஒடம்புல காவலுக்கு இருக்கிற வெள்ளை அணுவே பிளீச்சிங் பவுடரு மாதிரி ஒன்னை விட்டு அதைப் பொசுக்கிடும், அப்புறம் செல்லு கொழுப்பை நீட்டினாலும் இதுக்கு வாங்கத் தெரியாதுன்னே. அந்தக் கெட்டுப்போனதும் ரத்தத்துல சுத்திக்கினுதாம்மா இருக்கும், லேபுல எண்ணினா அதுவும் கணக்குல வரும்னு சொன்னே. நான் ஒடனே, தேங்காய்த்திட்டு துறைமுகத்துல மீன் கூடை தூக்க இருவது ஆளு வந்து நிக்கிறான், இருவது பேருக்கும் கை ஒடைஞ்சிருக்கு, அந்த மாதிரியான்னு கேட்டேன். நீ சிரிச்சிக்கினு, அதேதாம்மான்னே. எனக்குப் புரிஞ்சிபோச்சு. இந்த வூட்டுல புரிய வேண்டிய ஆளு நானா?

சர்க்கரையும் வெச்சிக்கினு நாளு பூரா சிகரெட்டு ஊதுற மனுஷன் ஒருத்தரு இருக்காரே, அவருகிட்ட இதுல ஒரு வார்த்தை சொன்னியா நீ? பொங்கல் அன்னிக்கு போனுல, ரத்த டெஸ்டுல நல்ல கொழுப்பு எழுபத்தொன்னு வந்திருக்கும்மான்னு அவரு கேட்டப்போ நீ இன்னா சொன்னே? சூப்பர்ப்பான்னே. நான் பக்கத்துலதான் நின்னேன், என் ரெண்டு காதாலயும் கேட்டேன். நல்ல நாளும் அதுவுமா ஏன் மனசைக் கஷ்டப்படுத்தணும்னு சொன்னேன்னு எங்கிட்ட அப்புறமா சமாதானம் சொல்றே. அடிப் பாவி, படிச்ச படிப்பைப் பொங்கலுக்கு லீவு வுட்டுட்டியா?

நீ சொன்ன அந்த ஒத்தை வார்த்தையால இங்க நடந்த கூத்தைக் கேளு. கடற்கரை ரோட்டுல காலையில இவரோட நடக்கிற கூட்டம் இருக்குல்ல, அதுக்குத் தலைவரு சொல்தா ஜானகிராமன், அதான் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்குறாரே அவருதான். அவங்க எல்லாரும் சேந்து டெஸ்டு எடுத்தாங்களாம், அதுல உங்கப்பாவுக்குத்தான் நல்ல கொழுப்பு ஜாஸ்தியாம். அதுக்கு ஒரு விழா! டீக்கடை வாசல்ல உங்கப்பா கூலிங்கிளாஸ் போட்ட போட்டோவை வெச்சி, நல்ல கொழுப்பு நாயகனே வருகன்னு ஆளு ஒசரத்துக்கு டிஜிட்டல் பேனரு. பொன்னாடை போத்தினாங்க, கை தட்டினாங்க, இவரு மைக்கைப் புடிச்சிக்கினு, பிரான்சுல இதே கொழுப்பைப் பத்தி ஆராய்ச்சி பண்ற என் பொண்ணே சூப்பருன்னு சொல்லிட்டாளுங்கன்னு பேசினாராம். பேசிட்டு அந்தப் பொன்னாடையோடவே ஓரமா நின்னு ஒரு சிகரெட்டைப் பத்தவெச்சாராம். கலை பாத்துட்டு வந்து சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பேனரைக் கிழிச்சி அடுப்புல வெச்சிருப்பேன். இப்போ சிகரெட்டை வுடுங்கன்னு சொன்னா, எழுபத்தொன்னு இருக்குடி, அது தொடைச்சிடும்னு சொல்றாரு. அந்த லேபுக்காரனும் கூட்டத்துக்கு ஒத்து ஊதுற மாதிரி, நம்பருக்குப் பக்கத்துல பிரமாதம்னு கையால எழுதிக் குடுத்திருக்கான். அவன் எண்ணத்தானே செஞ்சான், அது வேலை செய்யுதான்னு பாத்தானா?

இதுக்கு நடுவுல அமிர்தவல்லி சின்னம்மா பொண்ணுக்கு அரியாங்குப்பத்துல மாப்புள்ளை பாத்து முடிச்சிட்டாங்க, வைகாசியில கல்யாணம், உன்னைய கண்டிப்பா வரச் சொன்னாங்க. இருக்கிற கவலையில அந்தச் சந்தோஷத்தைக்கூட என்னால முழுசா பட முடியலை.

மாசி மகத்தன்னிக்கு நம்ம கரையில எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். மயிலம் சாமி தீர்த்தவாரிக்கு எறங்குற நேரம், எல்லாரும் கோவிந்தா, அரோகரான்னு கத்துறாங்க, திரும்பிப் பாத்தா உங்கப்பா ஒரு படகுமேல சாஞ்சி உக்காந்திருக்காரு. சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, இடது கையைத் தேச்சிவுட்டுக்கினு இருக்காரு. இன்னாங்கன்னா, கேஸுடி, ஒரு சோடா வாங்கிக்கினு வான்னாரு. சோடா குடிச்சாரு, ஏப்பம் வரலை. மொகம் வெளுத்துப்போச்சு. கலை அவரு பேச்சைக் கேக்காம வண்டியில தூக்கிவெச்சிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான், நல்லா இருக்கணும் அந்தப் புள்ளை. ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு டாக்டரு, ரத்தக் கொழாவுல அடைப்பு இருக்கு, ஆஞ்சியோ பண்ணித்தான் எங்கன்னு பாக்கணும், மாத்திரையை நம்பி நாளைத் தள்ளாதீங்கன்னுட்டாரு. இவரு அந்தக் கட்டிலுமேலயே எழுந்து உக்காந்துக்கினு, எனக்கு எழுபத்தொன்னு சார், என் பொண்ணைவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியுமான்னு கேட்டாரு. அந்த டாக்டரு இன்னா பண்ணுவாரு பாவம், என்னைய பாத்தாரு. எனக்குத் தலையைத் தூக்க முடியலை. கையெழுத்துப் போட மாட்டேன்னு அடம் புடிச்சி, மறுநாளே மாத்திரையை வாங்கிக்கினு வூட்டுக்கு வந்துட்டாரு. இன்னிக்கு ஐஸு ஏத்தவும் போயிட்டாரு.

நீ சொன்னதை எல்லாம் நானே அவருகிட்ட சொல்லிப் பாத்தேன். புகை, சர்க்கரை, கை ஒடைஞ்ச கூடைக்காரன், எல்லாத்தையும் சொன்னேன். நீ இன்னா பிரான்சுல படிச்சியான்னு கேட்டு டிவியைச் சத்தமா வெச்சிக்கினாரு. நான் வுடலை. நேத்து மத்தியானம் சோறு போட்டுட்டு, தட்டைப் புடிச்சிக்கினு, ஆஸ்பத்திரிக்குப் போவ இன்னா பயம், கத்திக்குப் பயமா, காசுக்குப் பயமா, சொன்னாத்தான் கொழம்பு ஊத்துவேன்னு நின்னுட்டேன். அப்புறம் சொன்னாரு பிரியா. நான் போயி படுத்து, அடைப்புன்னு வந்துட்டா ஜானகிராமன் இன்னா சொல்லுவான், உன் பொண்ணு படிச்ச படிப்பு இவ்ளோதானான்னு கேப்பான்ல. ஊரைக் கூட்டி மைக்குல சொல்லிட்டேன். நம்ம குப்பத்துல இருந்து மொத மொதலா டாக்டர் பட்டம் வாங்கப் போற புள்ளை, அவ வாக்கு என்னால பொய்யாவக் கூடாதுன்னாரு. சொல்லச் சொல்ல நெஞ்சை நீவிக்கினே சொன்னாரு. கொழம்பை ஊத்திட்டு உள்ள போயிட்டேன்.

இப்போ புரியுதா உனக்கு? அவரு நம்பரை நம்பி ஒக்காந்திருக்கலை, உன் பேரைக் காப்பாத்த ஒக்காந்திருக்காரு. நீ அவரு மனசு நோவக்கூடாதுன்னு பொய் சொன்னே, அவரு உன் பேரு கெடக்கூடாதுன்னு நெஞ்சுவலியை மறைக்கிறாரு. அப்பனும் பொண்ணும் ஒருத்தருக்கு ஒருத்தரு நல்லவங்களா இருந்து என் தாலிக்கு ஆபத்து வெச்சிடாதீங்க. உன் பேரு கெட்டா கெடட்டும், நாலு நாளு பேசுவான் ஜானகிராமன், அப்புறம் வேற பேச்சு வந்துடும். இந்தக் கடுதாசி கைக்கு வந்த அன்னிக்கே அவருக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லு. காலேஜு வேலை, லேபு வேலைன்னு ஒன்னும் சொல்லாதே. சொல்லிக்கலாம்மான்னு சொல்லாதே.

ஒடம்பைப் பாத்துக்கோ. காதுக்குத் துணி கட்டிக்கினு வெளிய போ. கருவாட்டு மூட்டை போன மாசமே அனுப்பினேன், வந்துச்சா இல்லையான்னு எழுது. நீ எடுத்த காரியம் எல்லாம் ஜெயிக்கணும், உன் ஆராய்ச்சியால நாலு உசுரு பொழைக்கணும், அந்த நாலுல மொத உசுரு உங்கப்பாவோடதா இருக்கணும்னு அம்மா மனசார வாழ்த்துறேன்.

ஒன்னை மட்டும் மறந்துடாதே. நான் சொன்னது தப்புப்பான்னு நீ ஆரம்பிச்ச ஒடனே அவரு பெருசா சிரிச்சி பேச்சை மாத்துவாரு. நீயும் கூட சேந்து சிரிச்சிடாதே.

உன் அம்மா,
ரா. தில்லையம்மாள்